ஐசேயா பிராட்லியின் போர்

இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரையும் அவனது கூட்டத்தாரையும் அடித்து வீழ்த்தும் அதிசய வீரர்கள் அமெரிக்கச் சித்திரக்கதை ஏடுகளில் டசின் கணக்கிலே தோன்றினர். அவர்களுட் பெரும்பாலோர் போர் ஓய்ந்ததும் மறக்கப்பட்டனர். அவர்களோடு வைத்து எண்ணப்படவேண்டிய ஒருவன் மட்டும், போர் முடிந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே படைக்கப்பட்டான். அவன் பெயர் ஐசேயா பிராட்லி. கறுப்பினத்தவன். அவனுடைய கதையிற் சிறிதளவே கற்பனை.

சித்திரக்கதையைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று முகஞ் சுளிக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். சந்தைக்கென்று இலட்சக் கணக்கில் அச்சடித்துத் தள்ளப்படும் மலிவுப் பண்டம் இது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒரு நாட்டின் பிள்ளைகள் எதனைப் படித்துப் போரை அறிந்தனர், போர்முனைக்குச் சென்ற இளைஞர் ஓய்வுநேரத்தில் எதனைப் புரட்டினர் என்பன வரலாற்று மாணவன் ஒதுக்கிவிடக்கூடிய கேள்விகளல்ல.

'கப்டன் அமெரிக்கா'வின் முதலாவது ஏடு 1941 மார்ச் எனத் திகதியிடப்பட்டு, 1940 டிசம்பரிலேயே கடைகளுக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. ஆயினும் அட்டைப்படத்திலே, கொடியின் நிறங்களை உடுத்த வீரன் ஒருவன் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். இதனைப் படைத்த ஜோ சைமன், ஜாக் கேர்பி என்னும் இருவரும் தையல் தொழிலை நம்பி வாழ்ந்த யூதக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். நாஜிகளின் அனுதாபிகள் நியூயோர்க் நகரிலேயே கூட்டம் போட்டு முழங்கிய காலம் அது. ஆசிரியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன என்றும், நகர மேயர் லாகார்டியா தாமே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்பு அளிப்பதாகக் கூறினார் என்றும் சைமன் பிற்காலத்தில் எழுதினார். அந்த அட்டைப்படம் துணிவான செயல் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே வெளியீட்டகம் 1941 கோடையில் வெளியிட்ட 'இளம் நேசர்கள்' என்னும் ஏட்டினைப் பாருங்கள். கப்டன் அமெரிக்காவின் தோழனான சிறுவனும் வேறொரு வீரனின் தோழனான சிறுவனும் சேர்ந்து ஒரு பிள்ளைப் படையை நடத்துகிறார்கள். அப்படையில் ஒரு கறுப்புச் சிறுவனும் இருக்கிறான். அவனுக்கு இட்ட பெயர் 'வைட்வாஷ்', அதாவது வெள்ளையடிப்பு. தடித்த உதடுகள், உருளும் விழிகள், கொச்சை மொழி, தர்ப்பூசணிப் பழத்தின்மேல் தீராத ஆசை. அப்பம் திருடிய குரங்குக்கும் கொஞ்சம் கண்ணியம் இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. நாஜிகளின் இனவெறியை எதிர்த்துப் போராடுவதாகச் சொல்லும் அதே பக்கத்தில் இது அச்சாயிற்று. மற்ற வெளியீட்டகங்களும் இதற்குச் சளைத்தவையல்ல. 'கப்டன் மார்வல்' கதைகளில் வந்த 'ஸ்ரீம்போட்' என்னும் கறுப்பு வேலையாள் 1945இல் நீக்கப்பட்டான் என்றால், நியூயோர்க் நகரப் பாடசாலையொன்றின் மாணவர்கள் தூது சென்று, அந்தச் சித்திரம் தம் இனத்துக்கு இழிவு என்று ஆசிரியரிடம் வாதாடியதே காரணம். பெரியவர்களுக்கு உறைக்காதது அவர்களுக்கு உறைத்தது.

ஏட்டில் மட்டுமா இந்த நிலை? பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் அப்போரிலே சீருடை அணிந்தனர். அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனி உணவுச்சாலை; பெரும்பாலோர்க்குக் கிடைத்தது சுமை தூக்கும் வேலையும் பாதை போடும் வேலையுமே. செஞ்சிலுவைச் சங்கம் முதலில் அவர்களது இரத்தத்தையே ஏற்க மறுத்தது; 1942இல் ஏற்றபோதும் வேறாகப் பிரித்து வைத்தது. அந்த வழக்கம் 1950 வரை நீடித்தது. கன்சாஸ் மாநிலத்தில் விமானத் தொழிற்சாலையொன்றின் சிற்றுண்டிச்சாலையில் வேலைசெய்த ஜேம்ஸ் தொம்சன் என்னும் இளைஞர் 1942 ஜனவரியில் 'பிற்ஸ்பேர்க் கூரியர்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிப் பகைவரை வெல்வதோடு உள்நாட்டு நிறவெறியையும் வெல்லும் இரட்டை வெற்றி வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அப்பத்திரிகை அதனையே ஓர் இயக்கமாக்கியது.

இனி ஐசேயாவிடம் வருவோம். இவ்வகை ஏடுகளின் ஓர் இயல்பை முதலிற் சொல்லவேண்டும். ஒரே நிறுவனம் வெளியிடும் பல கதைகளின் வீரர்களும் ஒரே உலகத்தில் வாழ்பவர்களாகவே கொள்ளப்படுவர். ஒருவன் கதையில் நடந்தது மற்றவன் கதையிலும் நடந்ததாகும். 1941இல் எழுதியது இன்றும் அவ்வுலகின் சரித்திரம். எனவே அங்கே பழைய காலத்தில் ஒரு புதிய மனிதனைப் புகுத்துவது, ஆவணக் காப்பகத்தில் மறைந்து கிடந்த ஓலையொன்றை வெளியே எடுப்பது போன்றதாகிவிடுகிறது. பழைய கதை இதுதான்: மெலிந்த வெள்ளை இளைஞன் ஒருவனுக்கு ஒரு விஞ்ஞானி மருந்தேற்றி அவனை மாவீரனாக்குகிறார், உடனே ஒற்றனின் குண்டுக்கு இரையாகிறார், மருந்தின் இரகசியமும் அவரோடு மறைகிறது. அறுபது ஆண்டுகளாக எவரும் கேளாத ஒரு கேள்வியை எழுத்தாளர் றொபேட் மொறாலெசும் கறுப்பினத்தவரான ஓவியர் கைல் பேக்கரும் கேட்டனர். மறைந்த மருந்தை மீண்டும் கண்டுபிடிக்க இராணுவம் முயன்றிருக்குமல்லவா? முதலில் யார் உடலிற் சோதித்திருக்கும்?

2003ஆம் ஆண்டுத் திகதியுடன் ஏழு இதழ்களாக வந்த அத்தொடரின் பெயர் 'உண்மை: சிவப்பு, வெள்ளை, கறுப்பு'. அமெரிக்கக் கொடியின் மூன்றாவது நிறமான நீலத்தை அகற்றி அவ்விடத்தில் கறுப்பை வைத்த தலைப்பு. மிசிசிப்பி முகாமொன்றிலிருந்து முந்நூறு கறுப்புப் படையினர் இரகசியமாகக் கொண்டுசெல்லப்படுகின்றனர். குடும்பங்களுக்கு அவர்கள் இறந்துவிட்டதாகச் செய்தி போகிறது. மருந்து ஏறிய உடல்கள் வீங்கி வெடிக்கின்றன. அம்முகாமிலே மூவரை ஆசிரியர் நமக்கு நெருக்கமாக்குகிறார்: புதுமணவாளனான ஐசேயா, மேலதிகாரிகளோடு முரண்பட்டுப் பதவியிறக்கப்பட்ட பழைய படையாளன் லூக் எவன்ஸ், செல்வக் குடும்பத்திற் பிறந்தும் தொழிலாளரிடையே கிளர்ச்சி செய்யப்போய், சிறையா படையா என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட மொறிஸ் கன்பீல்ட். இறுதியில் எஞ்சுபவன் ஐசேயா ஒருவனே. கப்டன் அமெரிக்காவுக்கென்று தைத்த உடையை எடுத்து அணிந்துகொண்டு, ஜேர்மனியின் வதைமுகாமொன்றில் நடக்கும் அதேவகைச் சோதனையை அழிக்கத் தனியே செல்கிறான். அவன் மீண்டு வந்தபோது கிடைத்த பரிசு இராணுவ நீதிமன்றம். உடையைத் திருடினான் என்பது குற்றம். 1960 வரை பதினேழு ஆண்டுச் சிறை. வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விடுதலை. அதற்குள் மருந்து அவன் மூளையை அரித்துவிட்டது.

இது மிகைப்படுத்தல் என்பார்க்கு மறுமொழி கூற நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அலபாமாவின் டஸ்கீகியில் மேகநோய் கொண்ட 399 கறுப்பு ஆண்களுக்குச் சிகிச்சை அளியாது, நோய் எவ்வாறு வளர்கிறது என்று அரசின் பொதுச் சுகாதாரச் சேவை 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. இடையிலே பெனிசிலின் வந்தது. அதுவும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இக்கதைக்கு வித்திட்டது அதுவே. இராணுவமோ போர்க்காலத்தில் கடுகு வாயுவைத் தன் சொந்தப் படையினர்மேற் சோதித்தது. கறுப்பினத்தவர், யப்பானிய வம்சாவளியினர், போட்டோ ரிக்கோவினர் ஆகியோரின் தோல் வேறுவிதமாக எதிர்ப்புக் காட்டுமா என்றறிய அவர்களைத் தனியே பிரித்தும் சோதித்தது. அவர்களிடமும் வாய் திறவா வாக்குறுதி பெறப்பட்டது. இராணுவ நீதிமன்றத்துக்கும் சான்று உண்டு. 1944 யூலை 17இல் கலிபோர்னியாவின் போட் சிக்காகோ துறையில் வெடிமருந்து வெடித்து 320 பேர் மாண்டனர். அவர்களுள் 202 பேர் கறுப்பினத்தவர். மீண்டும் அதே ஆபத்தான முறையில் வெடிமருந்து ஏற்ற மறுத்த ஐம்பது கறுப்பு மாலுமிகள் கலகக் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அத்தீர்ப்பைக் கடற்படை நீக்கியது 2024 யூலையில்தான்.

தொடர் வெளிவருமுன்னரே எதிர்ப்பு எழுந்தது. கப்டன் அமெரிக்காவின் தூய பிறப்புக்கு இழுக்கு என்று வாசகர் பலர் கொதித்தனர். வைட்வாஷின் பெயர் அப்பிறப்பின் ஏடுகளிலேயே அச்சாகிக் கிடந்தபோது இழுக்காகத் தோன்றாதது, ஐசேயாவால் இழுக்காயிற்றாம்!

இத்தொடரிடம் நமக்கும் குறையுண்டு. கறுப்பு வீரனின் கதையைத் துப்புத் துலக்குபவன் முடிவில் வெள்ளைக் கப்டனே. ஐசேயாவுக்கோ பேசும் வாயும் இல்லை. கிழிந்த பழைய உடையைக் கப்டன் திருப்பிக் கொடுக்கிறான், இருவரும் சேர்ந்து ஒரு புகைப்படம், நீதி அவ்வளவே. எனினும் அவ்வீட்டுச் சுவரிலே மொறாலெசும் பேக்கரும் தீட்டிய காட்சி மறக்கக்கூடியதன்று. மல்கம் எக்ஸ், முகமது அலி, மண்டேலா எனப் பலர் ஐசேயாவோடு நிற்கும் படங்கள் அங்கே தொங்குகின்றன. அரசும் பத்திரிகைகளும் மறைத்த செய்தியை அவன் மக்கள் தங்களுக்குள்ளே கைமாற்றி வைத்திருந்தனர் என்பதை ஒரு சொல்லும் இன்றி அச்சுவர் சொல்லிவிடுகிறது.

2021இல் வந்த தொலைக்காட்சித் தொடரொன்றில் கார்ல் லம்ப்லி இப்பாத்திரத்தை நடித்தார். அங்கே ஐசேயா பேசுகிறான், கசப்போடு பேசுகிறான். முடிவில் கப்டனின் நூதனசாலையில் அவனுக்கும் ஒரு சிலை எழுகிறது. ஆனால் அவன் போரிட்டது கொரியாவில் என்று கதை மாற்றப்பட்டுள்ளது. நாஜிகளின் முகாமுக்குள் நுழைந்து அவர்களின் சோதனையையும் தன் நாட்டின் சோதனையையும் ஒருங்கே கண்ட மனிதன் இவ்வாறு திரையிலிருந்து அகன்றான். தொடரின் மிகக் கூர்மையான முனை அதுவே என்பது நம் கருத்து.

உண்மையான படையிலும் விருதுகள் தாமதித்தே வந்தன. அப்போர் நடந்தபோது உயர்ந்த வீரப்பதக்கம் ஒரு கறுப்புப் படையாளுக்கேனும் வழங்கப்படவில்லை. 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு அது வழங்கப்பட்டது. அவர்களுள் அன்று உயிரோடிருந்தவர் வேர்னன் பேக்கர் ஒருவரே. 1945 ஏப்பிரலில் இத்தாலிய மலைமுகடொன்றில் ஜேர்மானிய இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தாக்கிய அவர், வெள்ளை மாளிகைக்குப் பதக்கம் பெறச் சென்றபோது எழுபத்தேழு வயதினராயிருந்தார்.