அவசர சிகிச்சை: வருகைக் கணிப்பும் வராதோர் கணக்கும்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நாளை எத்தனை பேர் வருவர் என முன்கூட்டியே மதிப்பிடுவதே நோயாளி வருகைக் கணிப்பு. பழைய பதிவேடுகளை மணி, கிழமை, பருவம், திருவிழா எனப் பிரித்தாய்ந்து, மருத்துவர், செவிலியர் பணிநேரத்தையும் படுக்கை, மருந்து இருப்பையும் அதற்கேற்ப அமைப்பர். கடந்த சில திங்கட்கிழமைகளின் சராசரியே அடுத்த திங்கட்கிழமைக்கு ஓரளவு வழிகாட்டும். கணினி முறைகள் அதையே நுட்பமாகச் செய்கின்றன.

கிருஷ்ணகிரி–ஊத்தங்கரை சாலையிலுள்ள மத்தூரை எடுத்துக்கொள்வோம். மாங்காய் அறுவடையில் மரத்திலிருந்து விழுவோர், போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிப்டு மாறும் வேளையின் சாலை விபத்துகள், மழைக்காலப் பாம்புக்கடி ஆகியவற்றின் காலம் ஊரறிந்தது. ஆனால் கணிப்பு கற்பது வந்தவர்களின் பதிவிலிருந்து மட்டுமே. காலனியைச் சேர்ந்த கூலிப் பெண்ணை இரவில் பாம்பு கடிக்கிறது; வண்டி கிடைக்காமல் மந்திரிப்பவரிடம் கொண்டு செல்கின்றனர் என்றால், அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஓசூர் ஆலையில் தலைக்காயம்பட்டு எல்லை தாண்டிப் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குச் செல்லும் தொழிலாளியின் கணக்கு கர்நாடகத்தில் சேர்கிறது. ஆக, தேவை குறைவு என்கிறது எண். அதை நம்பி விஷமுறிவு மருந்தைக் குறைத்து வைத்தால், வந்தவரையும் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப நேரும். அடுத்த முறை அவர்கள் இங்கு வருவதில்லை. எண் மேலும் குறைகிறது.

வன்கொடுமை வழக்கு நடத்துவோர்க்கு இது பழகிய செய்தி. விபத்துப் பதிவேட்டு நகல் இல்லையேல் காயமே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளும் இனித் தகவல் தர வேண்டும். இது நல்ல திருத்தம். எனினும் எந்த மருத்துவமனையையும் அடையாதோர் இன்னும் வெளியேதான்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை எனத் திருப்பி அனுப்பின. 1996இல் பச்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 21ஆம் பிரிவின் மீறல் என்றது. நிதியின்மை காரணமாகாது என்றது. எங்குப் படுக்கை உள்ளதென உடனே அறியும் தொடர்பமைப்பையும் கோரியது. இடமில்லாமை விதியன்று, திட்டமிடலின் பிழை என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வருகை எண்ணிக்கையை மட்டும் கேட்பது போதாது. குடியிருப்புவாரியாக 108 அழைப்புகள், வண்டி வந்துசேர்ந்த நேரம், மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டோர், மாதவாரி விஷமுறிவு மருந்து இருப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.