முப்புரியும் ஒரு மெல்லிய பிணைப்பும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில், திருவானைக்காவில் 1888இல் பிறந்தவர் சி.வி.இராமன். ஆற்றின் தென்கரையில், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் ஜி.என்.இராமச்சந்திரன். இருவரும் ஆசிரியரும் மாணவருமாக ஆனது பெங்களூரில். 1942இல் மின்பொறியியல் கற்க அங்கே சென்ற இளைஞரை இராமன் இயற்பியலுக்குத் திருப்பிக்கொண்டார். அம்மாணவர் பின்னாளில் எதிர்கொண்ட ஒரு மறுப்பின் வரலாற்றையே இங்கு நாம் காணப்போகிறோம்.

அமினோ அமிலப் படிகத்துள் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தாங்கி நிற்கும். ஒன்றன் தலையை அடுத்ததன் வாலோடு சேர்ப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அமினோ அமிலம் உப்பாகும்போது குளோரைடு போன்ற அயனிகளும் இவ்வலையில் வந்து சேரும். வழக்கமான வேதிப்பிணைப்பின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. ஆயினும் படிகத்தின் ஒழுங்கும் புரதத்தின் உருவமும் பெரிதும் இதையே நம்பியிருக்கின்றன.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன், மூன்று இழைகள் முறுக்கிய முப்புரி என்று சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எழுதினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது அவர்கள் கணக்கு. முப்புரியை ஏற்ற ரிச்சும் கிரிக்கும் பிணைப்பு ஒன்றே என்றனர். சென்னை வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றும் மறுத்தனர்.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? விடை தேடிய இராமச்சந்திரன், அதுவரை ஆராயப்பட்டிருந்த அமினோ அமில, பெப்டைடு படிகங்களின் அளவுகளைத் தொகுத்தார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட வரைபடம் அத்தேடலின் விளைவு. புரத அமைப்பைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படும் அது, அவர் பெயராலேயே வழங்குகிறது.

1968இல் அவர் இரண்டாம் பிணைப்பை நீர் மூலக்கூறின் வழியாக அமைத்துக் காட்டினார். 1994இல் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிகம் தெளிவாக ஆராயப்பட்டபோது நேரடிப் பிணைப்பு ஒன்றே என்று உறுதியாயிற்று. முப்புரியைச் சூழ்ந்து நீர்ப்பாலங்களும் தென்பட்டன.

இளம்பூரணரைச் சேனாவரையர் மறுத்ததால் தொல்காப்பியம் நமக்குக் கூடுதலாக விளங்கியது. மறுப்பைப் பகையாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொண்டதனால், பிணைப்பின் எண்ணிக்கையில் வெல்லாத இராமச்சந்திரன் அதனினும் பெரியதொன்றை நமக்குத் தந்து சென்றார்.