கிரெப், செட், ஆக்: கட்டளை வரிக் கருவிகள் வந்த வழி

உரைக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட, வரிகளை அடுக்க, இரண்டு கோப்புகளை ஒப்பிட இன்று லினக்ஸ், மேக் கணினிகளின் கட்டளை வரியில் இருக்கும் கருவிகளில் முக்கியமானவை ஒரே ஆய்வகத்தில் பத்தே ஆண்டுகளில் முதன்முதலில் எழுதப்பட்டவை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம்தான் அது. காலம் 1969 முதல் 1979 வரை. இவற்றில் பலவற்றுக்கு முன்கூட்டிய திட்டம் எதுவும் கிடையாது. வேலை நடக்காமல் தவித்த ஒருவர் வந்து உதவி கேட்டார். அதற்குப் பதிலாக ஒரு நிரல் பிறந்தது.

இக்கருவிகள் பிறந்த யுனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்ததே அப்படித்தான். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-ல் பிடிபி-7 என்ற பழைய கணினியில் அதைத் தொடங்கினர். மறு ஆண்டு பிடிபி-11 வாங்க ஏறத்தாழ 65,000 டாலர் தேவைப்பட்டது. மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து அப்போதுதான் விலகியிருந்த நிர்வாகம் இன்னொரு இயங்குதளத்துக்குப் பணம் தரத் தயாராக இல்லை. ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்தி அச்சிடும் அமைப்பு ஒன்றைச் செய்து தருகிறோம் என்று சொன்ன பிறகே கணினி வந்தது. ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. 1971-ன் பிற்பாதியில் அப்பிரிவின் தட்டச்சர்கள் மூவர் நாள் முழுதும் அதில் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரித்தனர். 24 கிலோபைட் நினைவகம், அரை மெகாபைட் வட்டு: அவ்வளவுதான் இயந்திரம். ஆய்வாளர் யாராவது தவறான நிரலை ஓட்டினால் தட்டச்சர்களின் வேலையும் சேர்ந்து போகும். யுனிக்ஸின் முதல் வாடிக்கையாளர்கள் நிரலர்கள் அல்லர், இந்த மூவர்தான் என்பதைக் கணினி வரலாறுகள் போதுமான அளவு சொல்வதில்லை.

அவர்கள் பயன்படுத்திய உரைத் தொகுப்பி ‘எட்’. வரி வரியாக வேலை செய்யும் இந்தக் கருவிக்குள் தாம்சன் கொண்டுவந்த புதுமை ரெகுலர் எக்ஸ்பிரஷன். கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் கோட்பாடாக வகுத்ததை, உரையில் வடிவங்களைத் தேடும் முறையாகத் தாம்சன் மாற்றினார். அதற்கான வழிமுறையை 1968-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

அடுத்த திருப்பம் அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராயுடையது. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல் நிரல்களை இணைக்க முடிய வேண்டும் என்று 1964-லேயே குறிப்பு எழுதியவர் அவர். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். 1973-ல் தாம்சன் ஒரே இரவில் அதைச் செய்து முடித்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாய்ந்தது. விரைவிலேயே செங்குத்துக் கோடு அதன் குறியாயிற்று. இதனால் எந்தக் கருவியும் எல்லாவற்றையும் செய்யவேண்டிய தேவை ஒழிந்தது. சார்ட் வரிசைப்படுத்தினால் போதும். யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளைச் சுருக்கினால் போதும்.

கிரெப் பிறந்ததற்கு இரண்டு கதைகள் உண்டு. மெக்கில்ராய் தேடும் கருவி ஒன்று கேட்டதாகவும், தனக்கென ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைத் தாம்சன் மெருகேற்றித் தந்ததாகவும் ஒன்று. ஆய்வகத்தின் இன்னொரு நிரலர் பிரையன் கெர்னிகன் சொல்வது வேறு. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்ற 85 அரசியல் கட்டுரைகள் 1787–88-ல் புனைபெயரில் வெளிவந்தவை. அவற்றில் சிலவற்றை எழுதியது யார் என்று ஆய்வகத்தின் லீ மெக்மான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு உரையை எட் தாங்கவில்லை. தாம்சன் தொகுப்பியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 1973 இறுதியில் வந்த நான்காம் பதிப்புக் கையேட்டில் கிரெப் இடம்பெற்றது.

தேடியாயிற்று, மாற்றுவது எப்படி? அதற்கு மெக்மானே ‘செட்’ எழுதினார். கோப்பை முழுதும் நினைவகத்தில் ஏற்றாமல், ஓடும் வரிகளிலேயே திருத்தம் செய்யும் கருவி அது. 1977-ல் ஆய்வகத்தின் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் ‘ஆக்’ மொழியை உருவாக்கினர். வரியைத் துண்டுகளாகப் பிரித்து, அவற்றிலுள்ள எண்களைக் கூட்டவும் கழிக்கவும் அதில் முடிந்தது. ஓரிரு வரி நிரல்களுக்காகவே அதை நினைத்திருந்தனர். பயன்படுத்தியவர்களோ பல பக்க நிரல்களை எழுதி அவர்களையே திகைக்க வைத்தனர்.

இந்த முறையின் வலிமைக்கு எல்லாரும் காட்டும் சான்று 1986-ல் வந்தது. ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிடும் நிரலைக் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் பத்துப் பக்கங்களுக்கு மேல் எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய் ஆறே கட்டளைகளைக் கோத்து அதே வேலையை முடித்துக் காட்டினார். ஆனால் நூத்திடம் கேட்கப்பட்டதே இலக்கியம்போல் நிரல் எழுதிக் காட்டுமாறுதான். ஆகவே இதை வெற்றி தோல்வியாகச் சொல்வது நியாயமில்லை.

பிறகு பரவல்தான். லாரி வால் உருவாக்கிய பெர்ல் என்ற நிரல்மொழி 1987-ல் செட், ஆக் இரண்டின் வேலைகளையும் ஒரே மொழிக்குள் கொண்டுவந்தது. ஜிஎன்யூ திட்டம் இக்கருவிகளை யாரும் மாற்றிப் பகிரும் வகையில் புதிதாக எழுதியது.

ஆனால் பெல் ஆய்வகத்தின் அந்தக் கருவிகள் எல்லாமே ஆங்கில எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. நூத்துக்குப் பதிலாக மெக்கில்ராய் கோத்த ஆறில் முதல் கட்டளை ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் வரி முறிவாக மாற்றும். தமிழ்க் கட்டுரையைக் கொடுத்தால் மிஞ்சுவது வெற்று வரி. 1992-ல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் இதற்கு வழி திறந்தது. பழைய ஆங்கிலக் கோப்புகள் அதில் மாறாமல் இருக்கும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். கிரெப் போன்றவை தமிழ்ச் சொல்லை அப்படியே தேடின. எண்ணுவதில்தான் சிக்கல். ‘கு’ என்ற எழுத்தைப் பைட் கணக்கில் எண்ணினால் ஆறு, குறியீட்டுக் கணக்கில் இரண்டு. மூல ஆக் மொழிக்கு 2022-ல், தம் எண்பதாம் வயதில், கெர்னிகனே யூனிகோட் ஆதரவைச் சேர்த்தார். அதற்குப் பிறகும் அதற்குக் ‘கு’ இரண்டுதான். ஆக்கில் அதை ஒன்றாக எண்ண வேண்டுமானால் அதற்கெனத் தனியே நிரல் எழுதிக்கொள்ள வேண்டும்.