ஜென்ஜியாங்கில் வாசிக்கப்பட்ட ஒரு கடிதம்



யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரம் நமக்கெல்லாம் பழக்கமானது. அதில் வரும் திராட்சச்செடியின் உவமையை, சீனாவில் முதன்முதல் கால்வைத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின் புதிதாய்க் கண்டுகொண்டவர் ஹட்சன் டெய்லர்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரில் 1832இல் பிறந்த அவர், 1854இல் ஷாங்காயை அடைந்தார். 1865இல் சீன உள்நாட்டு மிஷனை நிறுவினார். 1868 ஆகஸ்டில் யாங்ஜோ நகரில் ஒரு கலகக் கூட்டம் அவர்கள் வீட்டைத் தாக்கித் தீவைத்தது. கர்ப்பவதியாயிருந்த அவர் மனைவி மரியா மாடியிலிருந்து குதித்து உயிர்தப்பினார். இங்கிலாந்திலோ, பிரபுக்கள் சபையிலேயே மிஷனெரிகளுக்கு விரோதமான பேச்சு எழுந்தது. இவற்றைக்காட்டிலும் அவரை வாட்டியது உள்ளான வறட்சி. கிறிஸ்துவில் நிலைத்திருக்க வேண்டும் என்று காலையில் தீர்மானிப்பார். அலுவல்களின் நெருக்கத்தில் எரிச்சலடைந்து, மாலையில் தம்மையே கடிந்துகொள்வார்.

1869 செப்டம்பரில், பயணம் முடிந்து ஜென்ஜியாங் திரும்பியபோது, உடன் ஊழியர் ஜான் மெக்கார்த்தியின் கடிதம் காத்திருந்தது. விசுவாசத்தைப் பெருக்கப் போராடுவதை விட்டு, உண்மையுள்ளவரையே நோக்கும்படி அது கூறிற்று. அதை வாசிக்கையில் டெய்லருக்கு ஒன்று விளங்கிற்று. அதுவரை கிறிஸ்துவை வேராகவும், தம்மை அதிலிருந்து சாற்றை இழுக்கப் பாடுபடும் கொடியாகவும் எண்ணியிருந்தார். வேர், தண்டு, கொடி, இலை, கனி யாவும் சேர்ந்ததன்றோ செடி! தாம் ஏற்கெனவே அவருடைய அங்கமாயிருக்கிறதைக் கண்டார். இந்த மகிழ்ச்சியை அக்டோபரில் தம் சகோதரி அமேலியாவுக்கு விரிவாக எழுதினார்.

‘நிலைத்திருத்தல்’ என்னும் சொல் நம் காதுக்குச் சற்றே கடினமாக, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதுபோல ஒலிக்கிறது. கிரேக்க மூலத்திலுள்ள ‘மெனோ’ என்பதற்குத் தங்குதல், குடியிருத்தல் என்பதே இயல்பான பொருள். முதல் சீஷர்கள் இயேசுவிடம், அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்ட இடத்திலும் யோவான் இதே சொல்லையே ஆளுகிறார்.

இப்படிப்பட்ட இளைப்பாறுதல் மனிதனைச் சோம்பேறியாக்காதோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. டெய்லரின் உழைப்புக் குறையவில்லை, பாடுகளும் குறையவில்லை. 1870 பிப்ரவரியில் மகன் சாமுவேல் மரித்தான். மூத்த பிள்ளைகள் மூவரையும் இங்கிலாந்துக்கு அனுப்ப நேர்ந்தது. ஜூலையில் பிறந்த நோயல் இரு வாரங்களுக்குள் மரிக்க, அம்மாதம் 23ஆம் நாள் மரியாவும் காலமானார். அவருக்கு வயது 33. டெய்லர் தம் கண்ணீரை மறைக்கவில்லை. நோயிலும் தனிமையிலும் இரவுகளைக் கழித்தார். ஆயினும் அந்நாட்களில், சமாரிய ஸ்திரீக்கு ஆண்டவர் வாக்களித்த தண்ணீர் தம் தாகத்தைத் தீர்க்கிறதென்று எழுத அவரால் கூடிற்று.

அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் ஊழியம் செய்து, 1905 ஜூனில் சாங்ஷாவில் நித்திரையடைந்தார். அவருடைய சரீரத்தை ஜென்ஜியாங்குக்குக் கொண்டுவந்து, மரியாவின் கல்லறையருகே அடக்கம்பண்ணினார்கள்.