மணலில் தொடங்கிய பாடம்: கடத்தூர்ப் பகுதியில் ஆசிரியர் கூடுகையின் வரலாறு

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், மானாவாரி நிலங்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவே அமைந்த கடத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பணியாற்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், குறிப்பிட்ட நாள்களில் அருகிலுள்ள ஒரு பள்ளியில் கூடித் தம் வகுப்பறை அனுபவங்களைப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இன்று குறுவள மையக் கூட்டம் என்று அழைக்கப்படுகிறது. குறுவள மையம் என்பது பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு நடுவில் வசதியான ஒரு பள்ளியைத் தேர்ந்து, அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் பாடம் நடத்திக் காட்டவும் துணைக்கருவிகள் செய்யவும் ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவும் ஒதுக்கப்பட்ட இடம். இத்தகைய பல மையங்களுக்கு மேலாக ஒன்றிய அளவில் வட்டார வள மையம் உண்டு. தமிழ்நாடு முழுவதிலும் இப்போது இயல்பாகிவிட்ட இந்த அமைப்பு முதலில் காலூன்றிய மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. எழுத்தறிவில் பின்தங்கியிருந்த காரணத்தாலேயே இம்மாவட்டம் இதில் முந்திக்கொண்டது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

ஓர் ஆசிரியர் கண்டறிந்த உத்தியை மற்றோர் ஆசிரியர் பார்த்து எடுத்துக்கொள்வது தமிழகத்தில் புதிய வழக்கமன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெரும்பாலும் தனியாளாக இருந்தாலும், முன்னே படித்த மாணவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை அங்கே வேரூன்றியிருந்தது. பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் கை பழகும்வரை குழந்தைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்துகளைக் கற்றனர். சென்னையில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் 1789ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தமிழ்க் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முனைந்தபோது, அவரிடம் பணியாற்றிய ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியதால், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அச்சோதனை வெற்றி பெற்றதையடுத்து 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. குறைந்த செலவில் ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குக் கற்பிக்க வழி கிடைத்ததென்று அங்கே அதைக் கொண்டாடினர்.

இந்நிகழ்ச்சியில் பெல்லின் பெயரும் ஃபிரிஸ்கனின் பெயரும் நிலைத்துவிட்டன. பெல் கண்ட குழந்தைகளை மணலில் எழுதவைத்த தமிழ் ஆசிரியரின் பெயரோ எங்கும் பதிவாகவில்லை. தம்மிடமிருந்து கடல் கடந்து ஒரு பாடமுறை போகிறது என்பதை அவர் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆசிரியர்களிடையே கைமாறும் அறிவின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு முதலில் எதிர்ப்படும் இழப்பு இதுவே.

பெல் சென்னையில் பணியாற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்த பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியை உள்ளடக்கிய நிலப்பரப்பில், அதன் நிர்வாகத்தை ஏற்ற கேப்டன் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ 1799வரை நிலவரி வேலை பார்த்தார். தருமபுரியில் தங்கி ஊர் ஊராகச் சுற்றிய அந்த அதிகாரி, பின்னர் சென்னை ஆளுநரானதும் 1822இல் மாகாணத்துப் பள்ளிகள் அனைத்தையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அது கணக்காகும். பள்ளிகளின் எண்ணிக்கையைவிட ஆசிரியர்களின் தேர்ச்சிக் குறைவும் வருமானக் குறைவும் அவரை அதிகம் கவலைகொள்ளச் செய்ததால், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அத்திட்டம் அவர் மறைவுக்குப் பின் நலிந்தது; அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி சென்னையில் நிலைபெற 1856 ஆயிற்று. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது.

பயிற்சிப் பள்ளி ஆசிரியரை உருவாக்கி அனுப்பியதோடு தன் கடமை முடிந்ததாகக் கருதியது. ஊருக்குத் திரும்பிய ஆசிரியர் அதன்பின் கண்டதெல்லாம் ஆய்வாளரைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆய்வு நாளன்று எத்தனை பிள்ளைகள் தேர்ச்சி பெறுகிறார்களோ அதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் வழங்கும் முறை சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது. அம்முறையில் மனப்பாடம் செழித்தது, அடுத்த ஊர் ஆசிரியரிடம் ஒரு நல்ல உத்தியைச் சொல்வதால் எவருக்கும் பயன் இல்லாமற்போயிற்று. 1895இல் தோன்றிய சென்னை ஆசிரியர் கழகமும் அதைத் தொடர்ந்து வந்த தென்னிந்திய ஆசிரியர் சங்கமும் கற்பிக்கும் முறைகளைக் குறித்து மாநாடுகளில் விவாதித்தபோதிலும், அவை பெரிதும் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களுக்கு உரியனவாகவே இருந்தன.

விடுதலைக்குப் பின் 1964 முதல் 1966வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளும் ஒரு குடும்பமாக இணைந்து, ஆசிரியர்களையும் கருவிகளையும் பகிர்ந்துகொள்ளும் பள்ளி வளாகம் என்ற கருத்தை முன்வைத்தது.  சிறந்த அந்தக் கருத்து பெரும்பாலான இடங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

அதற்கு உயிர் கொடுத்த முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில் உருவாயிற்று. இங்கிலாந்தில் 1960களில் ஆசிரியர்கள் தாமே நடத்திய ஆசிரியர் மையங்களின் சாயலில், பிரிட்டிஷ் உதவியோடு ஆந்திரப் பிரதேசத்தில் 1980களில் தொடங்கிய தொடக்கக் கல்வித் திட்டம், அருகருகே உள்ள பள்ளிகளுக்குப் பொதுவான ஆசிரியர் மையங்களை நிறுவியது. பின்னர் 1994இல் மத்திய அரசு ஏழு மாநிலங்களின் 42 மாவட்டங்களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது வட்டார, குறுவள மையங்கள் அதன் முதுகெலும்பாயின. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருப்பது அத்திட்டத்துக்கு மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களுள் ஒன்று; 1991 கணக்கெடுப்பில் அந்தச் சராசரியே 39 விழுக்காட்டை ஒட்டியதாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தென்னார்க்காடு, திருவண்ணாமலைப் பகுதிகளோடு தருமபுரியும் இடம்பெற்றது. ஆசிரியர்கள் இன்றும் டி.பி.இ.பி. என்றே குறிப்பிடும் இத்திட்டத்தின் செலவில் 85 விழுக்காட்டை மத்திய அரசும் 15 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன.

இத்திட்டம் செய்த மிகச் சிறிய செலவே நெடுநாள் பேசப்பட்டது. துணைக்கருவிகள் செய்துகொள்ள ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாயும், பள்ளிக்கு 2,000 ரூபாயும் வழங்கப்பட்டன. எதை வாங்குவது, எதைச் செய்வது என்ற முடிவு ஆசிரியர் கையில் விடப்பட்டதால், வாங்கிய அட்டையும் வண்ணத்தாளும் பசையும் குறுவள மையத்துக்கு வந்தன. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் செய்யும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. மானியம் சிறிதாயினும், ஆசிரியரை அது தம் வகுப்புக்குத் தாமே கருவி படைப்பவராக மதித்தது.

அத்தகைய கூட்டத்தில் பேசப்படும் பொருளுக்கு எண் கற்பித்தல் நல்ல சான்று. நாற்பத்திரண்டு என்று சொன்னவுடன் நாற்பதையும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 402 என்று எழுதும் குழந்தை ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்தால் அத்தவறு மெல்ல மறைகிறது. 42இலிருந்து 17ஐக் கழிக்கும்போது ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால், கடன் வாங்குதல் என்று கரும்பலகையில் மந்திரம்போல் சொல்லப்படும் செயலின் பொருளும் விளங்கிவிடுகிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரமும் ஒலிப்பதால் தமிழ்க் குழந்தைக்கு ஏற்படும் குழப்பத்தை வேற்றுமொழியில் எழுதப்பட்ட எந்தக் கல்வியியல் நூலும் சொல்லித் தராது. நாள்தோறும் அக்குழப்பத்தை எதிர்கொள்ளும் இன்னோர் ஆசிரியர்தான் சொல்லித் தர முடியும். கூடுகையின் தேவை இங்கேதான் இருக்கிறது.

அடுத்த பெரிய மாற்றமும் ஆந்திர எல்லையைக் கடந்தே வந்தது. மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ராமாவும் உருவாக்கிய கற்றல் அட்டை முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் சென்று பார்த்துவந்து, தாமே அட்டைகளை எழுதி, 2003இல் 13 பள்ளிகளில் சோதித்தனர். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்குத் துணைநின்றார். செயல்வழிக் கற்றல் என்று பெயர்பெற்ற இம்முறை 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஏணிப் படமாகச் சுவரில் தொங்க, ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்துப் படித்தது. பெற்றோர் கரும்பு வெட்டவும் செங்கல் சூளை வேலைக்கும் வெளியூர் போகும்போது கூடவே போய்விட்டு மாதங்கள் கழித்துத் திரும்பும் குழந்தைகளைக் கொண்ட தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இந்த ஏணி பெரும் ஆறுதல். விட்ட படியிலிருந்தே அக்குழந்தை தொடரலாம். சக மாணவர் உதவியோடு கற்கும் குழு என்றொரு பிரிவும் இம்முறையில் இருந்தது. பெல் கொண்டுபோன சட்டாம்பிள்ளை முறை, இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, அதட்டலையும் பிரம்பையும் களைந்த வடிவில் ஊர் திரும்பியதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஆயினும் சென்னை ஆசிரியர்கள் பார்த்து, ஐயுற்று, எழுதித் திருத்திய முறை, மற்ற மாவட்டங்களின் ஆசிரியர்களுக்கு ஆணையாகவே வந்து சேர்ந்தது. மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரக் கருத்தாளருக்கும், அவர் குறுவள மையத்தில் ஆசிரியருக்கும் சொல்லும் அடுக்குமுறையில் பயிற்சி நடைபெற்றது. கருத்தாளர் என்பவர் பயிற்சிக் கட்டகத்தை, அதாவது முன்கூட்டியே அச்சிட்ட பயிற்சிக் கையேட்டைக் கற்றுவந்து பிறருக்கு நடத்துபவர். ஒவ்வோர் அடுக்கிலும் சரக்கு நீர்த்துப்போவது ஒரு குறை. கீழிருந்து மேலே எதுவும் போகாதது அதனினும் பெரிய குறை. 2022 ஜூனில் தொடங்கப்பட்டு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்துக் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிகளும் இதே அடுக்கு வழியில்தான் ஆசிரியரை வந்தடைகின்றன. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுதவும் எண்ணவும் அறிய வேண்டும் என்ற அதன் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. 2011 கணக்கெடுப்பில் 68.54 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்த தருமபுரிக்கு அது மிக வேண்டிய முயற்சியும்கூட. ஆனால் கட்டகத்தை முடிப்பதிலேயே நாள் கழிந்துவிடும் கூட்டத்தில், தொண்ணூறைப் பற்றிய குழப்பத்தைப் பேச யாருக்கும் நேரம் இருப்பதில்லை. குறுவள மையம் எந்த நோக்கத்துக்காக இம்மாவட்டத்துக்கு வந்ததோ அந்த நோக்கம் அப்போது பின்னுக்குப் போகிறது. கூட்டத்தின் பாதி நேரமாவது ஆசிரியர்கள் தம் பாடங்களைக் காட்டுவதற்கே விடப்பட வேண்டும்.

1994இல் இருபத்தைந்து வயதில் பணியில் சேர்ந்து, டி.பி.இ.பி. தந்த 500 ரூபாயில் முதல் துணைக்கருவியைச் செய்த ஆசிரியர்கள் அறுபதை நெருங்கி ஓய்வுபெறும் காலம் இது. ஈர்க்குச்சிக் கட்டையும் எண் அட்டையையும் எப்படிப் பயன்படுத்தினார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அவர்களிடம் கேட்டு, அவரவர் பெயரோடு எழுதிவைக்கும் பணியைக் கடத்தூர்ப் பகுதியின் குறுவள மையங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.