அம்பாசிடர் டீசல் பொறியின் உருளைத் தலையைக் கழற்றுதல்

உருளைத் தலை (சிலிண்டர் ஹெட்) என்பது உள் எரி பொறியின் உருளைத் தொகுதியை மேலிருந்து மூடும் வார்ப்புப் பகுதியாகும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்த அம்பாசிடர் மகிழுந்தின் பழைய 1489 கன செ.மீ. டீசல் பொறி, பிரித்தானிய பி.எம்.சி. பி-வரிசையைச் சார்ந்த நான்கு உருளைப் பொறி ஆகும். அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. எஞ்சியுள்ள வண்டிகளைப் பராமரிப்பதில் இப்பணி முக்கியமானது.

அமைப்பு

இப்பொறியில் கேம் தண்டு உருளைத் தொகுதியினுள் உள்ளது. புஷ் ராடுகளும் ராக்கர்களும் தலையிலுள்ள வால்வுகளை இயக்குகின்றன. இன்ஜெக்டர்களும் ஹீட்டர் பிளக்குகளும் தலையிலேயே பொருத்தப்பட்டுள்ளன. தலைக்கும் தொகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் எரிவளிமம், குளிர்நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் கலவாமல் தடுக்கிறது.

கழற்ற வேண்டிய சூழல்கள்

டீசல் பொறியில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எனவே கேஸ்கெட் கசிந்தால் அழுத்தம் குறைந்து, பொறி எளிதில் இயங்கத் தொடங்காது. ரேடியேட்டரில் குமிழிகள் தோன்றுதல், எண்ணெய் பால் நிறமாதல், குளிர்நீர் காரணமின்றிக் குறைதல் ஆகியனவும் அறிகுறிகளாகும்.

செய்முறை

1. பொறி முழுமையாகக் குளிர்ந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். சூட்டுடன் தளர்த்தினால் தலை கோணலாகக் கூடும்.
2. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, குளிர்நீரை வடிக்க வேண்டும்.
3. எரிபொருள் குழாய்களையும் இன்ஜெக்டர்களையும் கழற்றி, திறந்த முனைகளைத் தூசி புகாதவாறு மூட வேண்டும்.
4. காற்று, புகைக் குழல் தொகுதிகளையும் நீர்க்குழாய்களையும் பிரிக்க வேண்டும்.
5. ராக்கர் தொகுதியை எடுத்து, புஷ் ராடுகளை வரிசை எண்ணிட்டு வைக்க வேண்டும்.
6. தலையின் நட்டுகளை, இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, வெளியிலிருந்து நடுப்பகுதியை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.
7. தலையை நேர் மேலாகத் தூக்க வேண்டும். வார்ப்பிரும்பால் ஆனதாகையால் எடை அதிகம், இருவர் தேவை.

தலை அசையாவிடில் மரச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டலாம். உளியையோ திருப்புளியையோ இடையில் செருகி நெம்புதல் கூடாது. அதனால் ஏற்படும் கீறல் வழியாகப் புதிய கேஸ்கெட்டும் கசியும்.

கடலோரப் பகுதிகளில்

உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடி போன்ற ஊர்களில் உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது தவிர்க்கப்பட வேண்டும். அது நீர்வழிகளில் துருவையும் படிவையும் உண்டாக்குகிறது. படிவு வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பதால் பொறி மிகையாகச் சூடாகி, கேஸ்கெட் பழுதாகிறது. துரு ஸ்டட்டுகளைத் தலையுடன் பிடித்துக்கொள்வதால் கழற்றுவதும் கடினமாகிறது. துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே இட்டு வைப்பது நன்று. கனிம நீக்கம் செய்த நீருடன் குளிர்விப்பான் திரவத்தைக் கலந்து பயன்படுத்துவதே நிலையான தீர்வாகும்.

ஆய்வும் மீளப் பொருத்தலும்

தலையின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் கோணலை அளக்க வேண்டும். வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறு கோணலைக் கடைசல் பட்டறையில் மட்டப்படுத்தலாம். எனினும் டீசல் பொறியில் பிஸ்டனுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. அளவுக்கு மீறிச் சீவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும். கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, மிகையாகச் சூடானதன் காரணத்தைச் சரிசெய்யாவிடில் பழுது மீண்டும் தோன்றும்.

பழைய கேஸ்கெட்டை மறுமுறை பயன்படுத்தலாகாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, பல சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும். பின்னர் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, எரிபொருள் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- இந்துஸ்தான் அம்பாசிடர்
- தூத்துக்குடி