உழைப்பு சேரியிடம், முடிவு ஊரிடம்: பாலங்களின் வரலாற்றில் ‘மக்கள் பங்களிப்பு’

சிறுபாலம் இடிந்து கிடக்கிறது, தரைப்பாலம் மழைக்கு மூழ்குகிறது என்று கேட்கப் போனால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, “நிதி இல்லை”. மற்றொன்று, “மக்கள் பங்களிப்போடு செய்யலாம்”. முதல் பதிலைக் கேட்டுக் கோபப்படுகிறோம். இரண்டாவது பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிடுகிறோம். நமது வரலாற்றைப் படித்தவர்கள் அதிகம் கேள்வி கேட்க வேண்டியது இந்த இரண்டாவது பதிலைத்தான்.

மணலியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு. 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் உர ஆலையும் பிற ஆலைகளும் வந்தன. டேங்கர்களுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் அகலமான சாலை கிடைத்தது. சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனி போன்ற குடியிருப்புகளோ தண்ணீருக்கு நடுவில் நிற்கின்றன. 2015, 2021, 2023 வெள்ளங்களில் இந்தப் பகுதி மக்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். பூண்டியில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் இங்கே துணிமணியை மூட்டை கட்ட வேண்டும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. இப்படிப்பட்ட இடத்தில் பாலம் என்பது வசதி அல்ல. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போக முடியுமா, முடியாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கால்வாயிலிருந்தே தொடங்கலாம். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான பகுதி 1801-க்கும் 1806-க்கும் இடையில் காக்ரேன் கால்வாயாக வெட்டப்பட்டது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. 1877-இல் பஞ்சக் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று வெட்டினார்கள். பஞ்ச வேலைக்கு வந்தவர்கள் யார்? நிலமில்லாத கூலிகள், சேரி மக்கள். கால்வாய்க்கோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது.

அதற்கும் முன்பே, 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை, ஆற்றங்கரை, கால்வாய்க்கரை உடையும் ஆபத்து வந்தால் ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை வேலைக்கு இழுக்க அது அதிகாரம் தந்தது. குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும் வழக்கத்துக்கும் அந்தச் சட்டம் தண்டனையின் பலத்தைக் கொடுத்தது. மண் சுமந்த கைகளும், எந்த மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுத்த வாய்களும் வேறு வேறு. ‘மக்கள் பங்களிப்பு’ என்பதன் பழைய உருவம் இதுதான்.

பணத்தின் கதையும் இப்படித்தான். 1871-இல் சென்னை உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலத்தின் மீது கூடுதல் வரியும் சாலைச் சுங்கமும் வசூலித்து, உள்ளூர் சாலைகளையும் பாலங்களையும் பராமரிப்பது திட்டம். 1884-இல் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்று அது விரிந்தது. வாக்கு, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு. அன்று மணலி செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருந்த நிலைமையை அந்த அறிக்கை பதிவு செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் இல்லை, எனவே நில வரி இல்லை. வரி இல்லை, எனவே வாக்கு இல்லை. வாக்கு இல்லை, எனவே சேரிக்குச் சாலையும் இல்லை, பாலமும் இல்லை. சாதி வெறுப்பைத் தனியாக எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்குப் புத்தகமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

1924 ஆகஸ்ட் 22 அன்று தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் யாரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் யாரும் பயன்படுத்தலாம். மாபெரும் வெற்றி அது. ஆனால் அந்தத் தீர்மானம் ‘பொது’ என்று ஏற்கெனவே பதிவாகியிருந்த பாதைகளைத்தான் திறந்துவிட முடியும். பதிவேட்டிலேயே ஏறாத வரப்பையும் ஒற்றையடிப் பாதையையும் என்ன செய்ய முடியும்?

95 ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்விக்கு வாணியம்பாடி அருகே நாராயணபுரம் பதில் சொன்னது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்க சாதியினரின் நிலத்துக்குள் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அங்கே பாலம் இருந்தது. பாலத்திலிருந்து இறங்கும் பாதை பொதுவாக இல்லை. பாலம் வேண்டும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் கொண்டு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் ‘சாலைகளும் பாலங்களும்’ நகராட்சிகளின் பணிகளில் ஒன்று. நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆனால் 2011-இல் மணலி நகராட்சி சென்னை மாநகராட்சியின் இரண்டாவது மண்டலமானது. முடிவெடுக்கும் மேசை ரிப்பன் மாளிகைக்குப் போனது. 2016 முதல் 2022 வரை அந்த மாளிகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. நடுவில் ஒவ்வொரு மழைக்கும் பாலங்கள் தேய்ந்துகொண்டுதான் இருந்தன.

நிதி குறைவு என்பது முழுப் பொய் அல்ல. அதனால்தான் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறோம். எண்ணூர் உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும். மேல்பூச்சு உடைந்து விழும். ஆகாயத்தாமரையும் குப்பையும் பாலத்தின் கண்களை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் குடியிருப்புக்குள் ஏறும். தூணடி மண் அரித்தால் பாலமே சாயும். இவற்றை ஆண்டுதோறும் பார்த்துச் சரிசெய்ய ஆகும் செலவு, இடிந்த பிறகு புதிதாகக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. அடைப்பு எடுப்பதற்குக் கல்வெட்டு கிடையாது. அடைப்பு எடுக்க இறக்கப்படுகிறவர்கள் யார் என்பதையும் நாம் அறிவோம்.

மக்களைக் கேட்காமல் பராமரிப்பைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி இருக்கிறது. 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் செத்தார்கள். பாலத்தைத் தனியார் கையில் கொடுத்த ஒப்பந்தம் நகராட்சியின் பொதுச்சபையில் ஒப்புதல் பெறவில்லை என்றும், ஒரு வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன என்றும் சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது.

தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டம் பொதுவாக மூன்றில் ஒரு பங்குப் பணத்தை மக்களிடம் கேட்கிறது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அந்தப் பங்கு குறைவு என்றாலும், பணம் திரட்ட முடிந்த தெரு முதலில் வரிசையில் நிற்கும் என்பது மாறாது. 1871-இல் வரி கட்டியவனுக்குச் சாலை. இன்று பங்கு கட்டியவனுக்குப் பாலமா?

பங்களிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பங்களிப்பு என்றால் முடிவெடுப்பதில் பங்கு என்கிறோம். உங்கள் பகுதியில் ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாலமும் அதன் இணைப்புப் பாதையும் எந்தத் துறையின் சொத்துப் பதிவேட்டில் இருக்கின்றன? கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, ஆய்வறிக்கையின் நகல் எங்கே? கடந்த 5 ஆண்டுகளில் பராமரிப்புக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு செலவானது? “எங்கள் துறை அல்ல” என்று மாநகராட்சி, நெடுஞ்சாலை, நீர்வளம் மூன்றும் கைகாட்டினால், அந்த மூன்று பதில்களும் உங்கள் கையில் ஆவணமாகிவிடும்.

அந்த ஆவணத்தோடு பகுதி சபைக்குப் போங்கள். 2022 விதிகளின்படி அது ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அண்ணலின் பிறந்தநாளில் சிலைக்கு மாலை போட்டுவிட்டு நேராக சபைக்குப் போய் உட்காருங்கள். சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் பெண்களை அழைத்துப் போங்கள். பேசியதைத் தீர்மானமாக எழுதி, எண் போட்டு, கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள்.